அருவியைப் படமெடுக்க அரை விநாடி போதும்

குற்றாலம் ஐந்தருவி மாதிரி இடத்தில் தண்ணீர் பட்டுபோல வழிய வேண்டுமென்று பலர் கேமராவின் ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தைப் பத்து, இருபது விநாடிக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள். வேண்டாம், அருவி வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். சீசன் நேரத்து வேகத்துக்குக் கால் முதல் அரை விநாடி போதும்; நீர் இழை இழையாகத் தெரியும். மெல்லிசாக விழும்போது ஒன்றிரண்டு விநாடி வைக்கலாம்.

பகலில் இதற்கு என்டி ஃபில்டர் (லென்ஸுக்குள் வரும் வெளிச்சத்தைக் குறைக்கும் கருங்கண்ணாடி) வேண்டும். ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, எஃப்/11 (லென்ஸ் துளையின் அளவு) வைத்து கேமரா 1/125 விநாடி காட்டினால், வெளிச்சத்தை 64-இல் ஒரு பங்காக்கும் என்டி64 மாட்டியதும் அது அரை விநாடியாகும். ஃபில்டர் இல்லையென்று துளையை எஃப்/22 வரை சுருக்காதீர்கள், கூர்மை குறையும். முதலில் வாங்க வேண்டியது போலரைசர் என்ற ஃபில்டர் என்பேன். ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது) வரை வெளிச்சத்தைக் குறைக்கும். மெதுவாகத் திருப்பினால் ஈரப்பாறையின் பளபளப்பு அடங்கி, பாசியின் பச்சை மேலெழுந்து வரும்.

அடர்ந்த என்டி என்றால், மாட்டும் முன்பே ஃபோகஸ் செய்து மேனுவல் ஃபோகஸுக்கு மாற்றிவிடுங்கள். ட்ரைபாட், 2 விநாடி டைமர் கட்டாயம். அப்புறம், ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் ஃபில்டரில் படிந்த சாரலைத் துடையுங்கள்.