கல்லூரி ஊர்களில் மக்கள்தொகை, வருமானக் கணக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஆள் கூடிவிட்டது, இடைநிலை வருமானம் இறங்கிவிட்டது, அப்படியென்றால் இந்தப் பகுதியில் ஏழ்மை பரவுகிறது." அமெரிக்கக் கல்லூரி ஊர்களைப் பற்றி அடிக்கடி வரும் பேச்சு இது. இடைநிலை வருமானம் என்பது எல்லா வருமானங்களையும் வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது. இரண்டு எண்ணும் சரியாகவே இருக்கலாம். பழைய குடும்பங்களில் ஒருவருக்குக்கூடச் சம்பளம் குறையாமலே இது நடக்கும். பக்கத்தில் 400 வீடுகள் கொண்ட மாணவர் அடுக்ககம் எழுந்தால் போதும்.

முதல் தவறு, மாணவர்களைத் தனியே பிரிக்காதது. கணக்கெடுப்பு, மாணவரைப் பெற்றோர் வீட்டில் எண்ணாது; படிக்கும் காலத்தில் பெரும்பாலும் தங்கும் இடத்தில்தான் எண்ணும். விடுதியில் இருப்பவர் மக்கள்தொகையிலும் தலா வருமானத்திலும் சேருவார், குடும்ப இடைநிலை வருமானத்தில் சேரமாட்டார், வறுமை விகிதத்திலும் வரமாட்டார். அதனால் புதிய விடுதி திறந்த பிறகு தலா வருமானம் சரியும், குடும்ப வருமானம் அசையாது.

வெளியே வாடகைக்கு இருக்கும் மாணவர் எல்லாவற்றிலும் வருவார். நான்கு படுக்கையறை வீட்டை நான்கு மாணவர்கள் பகிர்ந்துகொள்கிறார்கள், ஆளுக்குப் பகுதிநேர வேலையில் ஆண்டுக்கு 8,000 டாலர் என்று வையுங்கள். வருமான அட்டவணை ஒரே வீட்டில் வசிப்பவர்களை ஒரு குடும்பமாகக் கொள்வதால், அதில் அது 32,000 டாலர் ஈட்டும் ஒரே குடும்பம். வறுமை அட்டவணையிலோ உறவில்லாத நான்கு தனியாட்கள். நால்வருமே வறுமைக்கோட்டுக்குக் கீழே. கல்விக்கடன் வருமானமாக எண்ணப்படுவதில்லை என்பதையும் மறக்கக்கூடாது.

ஆகவே அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறை நடத்தும் அமெரிக்கச் சமூக ஆய்வின் அட்டவணைகளில், பி19013 (B19013) என்ற மொத்த இடைநிலை வருமான அட்டவணையோடு நிற்காதீர்கள். பி19049-இல் குடும்பத் தலைவரின் வயதுவாரியாக வருமானம் இருக்கிறது. 25 வயதுக்குட்பட்டோரை ஒதுக்கிவிட்டு 25–44, 45–64 வரிசைகளைப் பாருங்கள். விடுதிகள் போன்ற கூட்டுக் குடியிருப்பு எண்ணிக்கை பி26001-இல் கிடைக்கும். வறுமையில் கல்லூரி மாணவர் பங்கு எவ்வளவு என்பதற்கு பி14006.

அடுத்தது, ஆண்டுகளை ஒப்பிடும் விதம். அமெரிக்கச் சமூக ஆய்வின் எண்கள், சிறு பகுதிகளுக்கு ஐந்தாண்டுத் தொகுப்பாகவே வருகின்றன. 2018–2022ஐயும் 2019–2023ஐயும் பக்கத்தில் வைத்தால் நான்கு ஆண்டுத் தரவு இரண்டுக்கும் பொது. மாற்றம் தெளிவாகத் தெரியாது. 2014–2018, 2019–2023 என்று ஒன்றையொன்று தொடாத தொகுப்புகளை எடுங்கள்.

எடுத்துக்காட்டாக, பழைய தொகுப்பில் இடைநிலை வருமானம் 42,000 டாலர், பிழை எல்லை (மாதிரிக் கணிப்பு இருபுறமும் விலகக்கூடிய அளவு) 6,500. புதியதில் 49,000, பிழை எல்லை 7,200 என்று கொள்வோம். 7,000 டாலர் உயர்வு போலத் தெரிகிறது. ஆனால் முதல் எண் 2018 டாலர், இரண்டாவது 2023 டாலர். இடையில் விலைவாசி சுமார் 21 சதவீதம் ஏறியது. பழைய எண்ணை 1.21-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 51,000, அதன் பிழை எல்லை 7,900. உயர்வு போய் 2,000 டாலர் சரிவு வந்துவிட்டது! அதையும் நம்பிவிட முடியாது. இரு பிழை எல்லைகளின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 10,700. வித்தியாசம் அதைத் தாண்டவில்லை. ஏறியது என்றோ இறங்கியது என்றோ இந்த எண்களை வைத்துச் சொல்ல இயலாது. பிழை எல்லை வரிசையை நகலெடுக்காமல் விடுபவர்கள் இழப்பது இதைத்தான்.

எல்லைக்கோடும் நகரும். எண்களை வெளியிடுவதற்காக ஊரைப் பிரிக்கும் சிறு பகுதியான கணக்கெடுப்பு வட்டாரம் ஒன்றுக்கு 1,200 முதல் 8,000 பேர் என்பது வரம்பு. வளரும் பகுதி அதைத் தாண்டினால் பத்தாண்டுக் கணக்கெடுப்பின்போது பொதுவாக இரண்டாகப் பிரிப்பார்கள். 12 என்ற வட்டாரம் 12.01, 12.02 ஆகும். 2016–2020 தொகுப்பிலிருந்து புதிய எல்லைகள்தான். பழைய எண்ணோடு ஒப்பிடும் முன் பிரிந்த துண்டுகளின் மக்கள்தொகையைக் கூட்டுங்கள். இடைநிலை வருமானத்தை அப்படிக் கூட்டவோ சராசரி எடுக்கவோ கூடாது.

2020 கணக்கெடுப்பு நாளான ஏப்ரல் 1-ஐ அடிப்படையாக வைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அன்று கொரோனாவால் வளாகங்கள் மூடிக் கிடந்தன. ஊருக்குப் போன மாணவரையும் கல்லூரி முகவரியில்தான் எண்ண வேண்டும் என்பது விதி. விடுதிகளுக்குக் கல்லூரி நிர்வாகப் பதிவேடு கைகொடுத்தது, காலியாக இருந்த வாடகை வீடுகளுக்கு அந்த வசதி அந்த அளவுக்கு இல்லை. வாடகை மாணவர் நிறைந்த தெருக்களில் 2010-க்குப் பிறகு ஆள் குறைந்ததாகத் தெரிந்தால், புதிய வீடுகளுக்கான கட்டட அனுமதிகளையும் கல்லூரியின் சேர்க்கை எண்ணிக்கையையும் பார்த்த பிறகே அதை எழுதுங்கள்.