காலி இரைப்பை என்று எழுதும் முன்

போன வாரம் புதிதாகச் சேர்ந்த மாணவி ஒருத்தியின் ஏட்டைப் புரட்டினேன். மீன் எதைத் தின்றது என்று அதன் இரைப்பையை அறுத்துப் பார்த்து எழுதிவைக்கும் ஏடு அது. ஆழ்கடலில் வாழும் எலிவால் மீன்கள் 23. அதில் 20 மீன்களுக்கு நேரே "காலி" என்று எழுதியிருந்தாள். என் முதல் ஏட்டிலும் அந்தச் சொல்தான் வரிசையாக இருந்தது. லேபிளை மாற்றி ஒட்டாதே, கத்தியைக் கழுவி வை என்பதையெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்லிவிடுவார்கள். நான் வேறு சில தவறுகளைச் சொல்கிறேன்.

பிதுங்கிய இரைப்பையைக் "காலி" என்பது

எலிவால் மீனுக்குக் காற்றுப்பை உண்டு. 2000 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப்போல ஏறத்தாழ 200 மடங்கு. வலை மேலே ஏற ஏற அந்தப் பைக்குள் இருக்கும் வாயு விரிந்து, இரைப்பையை உட்புறம் வெளியே தெரியும்படி புரட்டி வாய்வழியே தள்ளிவிடுகிறது. தின்றதெல்லாம் தண்ணீரோடு போய்விடும். அந்த மீன் பட்டினி கிடந்ததா, வயிறு நிறையத் தின்றதா என்று அதன் இரைப்பையை வைத்துச் சொல்லவே முடியாது. காலி இரைப்பைகளின் விழுக்காட்டில் அதைச் சேர்க்கவே கூடாது.

நான் சேர்த்தேன். "இந்த மீன் அரிதாகத்தான் இரை எடுக்கும்" என்று அறிக்கையும் எழுதினேன். படித்தவர் ஒரே கேள்வி கேட்டார்: "இரைப்பை எந்த நிலையில் இருந்தது?" ஏட்டில் அந்தக் குறிப்பே இல்லை. மீன்களையும் அப்புறப்படுத்தியாகிவிட்டது. ஒரு கப்பல் பயணத்தின் உழைப்பு முழுவதும் வீணானது. இன்றைக்கும் விளக்கமில்லாமல் "காலி" என்று கண்டால் எரிச்சல்தான் வருகிறது.

புரளாமல் உள்ளேயே இருந்தபடி இரையைக் கக்கிவிட்ட இரைப்பை இன்னும் ஏமாற்றும். விரலால் தொட்டுப் பாருங்கள். நிஜமாகவே காலியாகக் கிடந்தது சுருங்கி, சுவர் தடித்து, உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும். கக்கியது தொளதொளவென்று, சுவர் மெலிந்து கிடக்கும். அடுத்து பித்தப்பையைப் பாருங்கள். வெகுநேரம் சாப்பிடாத மீனில் அது கரும்பச்சையாகப் புடைத்திருக்கும். சற்றுமுன் சாப்பிட்டதில் வற்றியிருக்கும். குடலையும் திறந்துவிடுங்கள்.

வாயில் கிடக்கும் இறால்

வலைக்குள் விழுங்கியதாக இருக்கலாம். எண்ணாதீர்கள்.

கணவாய் அலகை அப்படியே எண்ணுவது

கணவாயின் வாயில் கிளிமூக்குபோலக் கெட்டியாக இருப்பதுதான் அலகு. இரைப்பையில் சதை கரைந்துபோகும், அலகு தங்கிவிடும். ஐந்து அலகு கிடைத்தால் ஒரே வேளையில் ஐந்து கணவாய் தின்றது என்று ஆகாது. மீன்களின் காதுக்குள் இருக்கும் செவிக்கல்லும் சதையைவிட அதிக நேரம் தாங்கும். மெல்லுடல் புழுக்களோ சுவடில்லாமல் கரைந்துவிடும்.

இரை கட்டிய கேமராவை மட்டும் நம்புவது

செத்த மீனைக் கட்டி இறக்கினால், பிண வாடைக்கு வருபவைதான் படத்தில் விழும். முக்காலி மீனை எடுத்துக்கொள்ளுங்கள். நீண்ட துடுப்புக் கதிர்களைத் தரையில் ஊன்றி, நீரோட்டத்தைப் பார்த்தபடி நிற்கும். மிதந்து வரும் சின்னஞ்சிறு ஓட்டுடலிகளை (இறால் வகையறாக்களை) மார்புத் துடுப்பால் உணர்ந்து பிடிக்கும். உங்கள் இரையைத் தேடி அது ஏன் வரப்போகிறது?

தசைத் துண்டு எடுக்காமல் விடுவது

இரைப்பை பெரும்பாலும் கடைசி வேளையைத்தான் காட்டும். தசையிலுள்ள நைட்ரஜன் ஐசோடோப்பு, அதாவது கனமான நைட்ரஜன் அணுக்களின் விகிதம், பல மாதச் சாப்பாட்டின் சராசரியைச் சொல்லும். உணவுச் சங்கிலியில் ஒரு படி ஏறினால் அந்த விகிதம் ஆயிரத்துக்குச் சுமார் 3.4 கூடும். எதைத் தின்றது என்று பெயர் சொல்லாது, எந்தப் படியில் நிற்கிறது என்று சொல்லும். இரைப்பை பிதுங்கிய மீனிலும் தசை பத்திரமாக இருக்கும். மீனைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலினில் போடுவதற்கு முன்பே வெட்டி, உறைய வைத்துவிடுங்கள்.