இடம் இருந்தும் ஃபைல் ஏறல: என் அனுபவம்

மும்பை மாட்டுங்கால எங்க மாமா பலகாரக் கடைக்கு நான்தான் வெப்சைட் பாத்துக்கறேன், ஷேர்டு ஹோஸ்டிங் (ஒரே சர்வர பல சைட்டு பங்கு போட்டுக்கறது), சைட்டு ஓடறது வேர்ட்பிரஸ்ங்கிற சாஃப்ட்வேர்ல. தீபாவளிக்கு நாலு நாள் முன்னாடி முறுக்கு போட்டோ அப்லோடு ஆகல, கடை ஐடிக்கு மெயிலும் வரல, ஆர்டர் வர்ற நேரம் வேற, மாமா பதறிட்டார். ஹோஸ்டிங்க பாத்துக்கற சிபேனல் பக்கத்துல பாத்தா டிஸ்க்ல பாதி காலி. அப்புறம் என்ன பிரச்சனை?

அதே பக்கத்துல ஃபைல் யூசேஜ்னு ஒரு வரி சிவப்பா இருந்துச்சு. ஐநோடு லிமிட் நிரம்பிடுச்சு. சைஸ் எவ்ளோன்னு இல்ல, எத்தன ஃபைல்ங்கிற கணக்கு, ஃபோல்டரும் சேத்தி, ஒவ்வொரு மெயிலும் பெரும்பாலும் ஒரு ஃபைல்தான். வேர்ட்பிரஸ் வேற நாம போடற ஒரு பெரிய போட்டோவுக்கு 150, 300, 768, 1024, 1536, 2048 பிக்சல்னு தனித்தனி காப்பி போட்டு வச்சிடும்!

முதல்ல எல்லாத்தையும் லேப்டாப்புக்கு பேக்கப் எடுத்தேன், இது ரொம்ப முக்கியம். அப்புறம் கேஷ் பிளகின் (பக்கம் சீக்கிரம் தெறக்க காப்பி எடுத்து வச்சிக்கற துணை சாஃப்ட்வேர்) செட்டிங்ல போயி கேஷ கிளியர் பண்ணேன், எப்பவோ டெஸ்ட்டுக்குப் போட்ட ரெண்டாவது வேர்ட்பிரஸ்ஸ தூக்கினேன், ஈமெயில் டிஸ்க் யூசேஜ்ல மாமாகிட்ட கேட்டுட்டு ஒரு வருஷத்துக்கு மேல ஆன மெயில அழிச்சேன், ட்ராஷையும் காலி பண்ணிடுங்க, அதுல கிடக்கறதும் எண்ணிக்கைல வரும். பத்து நிமிஷத்துல முறுக்கு போட்டோ ஏறிடுச்சு.