மொழிபெயர்த்த நோயாளர் கேள்வித்தாளை நம் வார்டுக்குப் பொருத்துவது எப்படி?

ஆங்கிலக் கேள்வித்தாளைத் தமிழாக்கி, வேறொருவரைக் கொண்டு மறுபடி ஆங்கிலமாக்கி, இரண்டையும் ஒப்பிட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். பாதிதான் முடிந்திருக்கிறது. சொல் சரியாக வந்திருக்கும். ஆனால் அது குறிக்கும் விஷயம் நம் மருத்துவமனையில் இல்லாமலே போகலாம்.

அமெரிக்காவின் ஹெச்கேப்ஸை எடுத்துக்கொள்வோம். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர்களின் அனுபவத்தைக் கேட்கும் தாள் இது. 2008 முதல் முடிவுகளைப் பொதுவில் வெளியிடுகிறார்கள். இதைத் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனையின் பொது வார்டுக்குக் கொண்டுவர வேண்டும். சரி, எங்கே தொடங்குவது?

முதல் படி, அனுமதி. உடல்நலம் சார்ந்த வாழ்க்கைத் தரத்தை அளக்கும் ஈக்யூ-5டி போன்ற தாள்களில் உரிமையாளரைக் கேட்காமல் ஒரு சொல்லைக்கூட மாற்றக் கூடாது.

இரண்டாவது, ஒவ்வொரு கேள்விக்குப் பக்கத்திலும் ‘இது எதை அளக்கிறது’ என்று ஒரு வரி எழுதுங்கள். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் தவிர்க்காதீர்கள். பின்னால் எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது என்று அந்த வரிதான் சொல்லும்.

மூன்றாவது, தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஓபி சீட்டு கவுன்டரிலிருந்து டிஸ்சார்ஜ் வரை நோயாளியின் வழியில் நடந்து பாருங்கள். ஹெச்கேப்ஸில் பல ஆண்டுகள் இருந்த ஒரு கேள்வி: அழைப்பு பட்டனை அழுத்திய பிறகு, நீங்கள் விரும்பிய நேரத்தில் எத்தனை முறை உதவி கிடைத்தது? நம் பொது வார்டுக் கட்டில்களில் பெரும்பாலும் பட்டனே கிடையாது. ‘நான் அழுத்தவே இல்லை’ என்றும் ஒரு விடை அதில் இருந்தது. எல்லோரும் அதையே டிக் செய்வார்கள். யாரும் பொய் சொல்லவில்லை, ஆனால் கேள்வி சத்தமில்லாமல் செத்துப்போகும்.

நான்காவது, மாற்று எழுதுவது. ‘உதவி தேவைப்பட்டு நர்ஸைக் கூப்பிட்டபோது’ என்று மாற்றலாம். ஆனால் இங்கே கூப்பிட ஓடுவது கூட இருக்கும் மகளோ தம்பியோதான். கழிப்பறைக்குக் கைத்தாங்கலாக அழைத்துப்போவதும் அவர்களே. ‘உடனே உதவி கிடைத்தது’ என்று அம்மா சொன்னால் அது மகளுக்கான மதிப்பெண், வார்டுக்கானது அல்ல. அதனால் ‘மருத்துவமனை ஊழியர்களிடமிருந்து’ என்பதைக் கேள்வியிலேயே சேருங்கள். துணைக்கு ஆள் இருந்தாரா என்று தனியாகக் கேளுங்கள்.

விடைகளையும் கவனியுங்கள். ஆங்கில ‘Never’-க்கு ‘எப்போதும் இல்லை’ என்று போட்டால் சிலருக்கு அது ‘எல்லா நேரமும் கிடைக்கவில்லை, சில நேரம் கிடைத்தது’ என்று கேட்கும். ‘ஒரு தடவைகூட இல்லை’ என்பதில் குழப்பமில்லை.

ஐந்தாவது, 5 முதல் 8 நோயாளிகளிடம் வாசித்துக் காட்டி, ‘இதை எப்படிப் புரிந்துகொண்டீர்கள்?’ என்று அவர்கள் வார்த்தையிலேயே சொல்லச் சொல்லுங்கள். தலையாட்டுவதைப் புரிந்ததாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இதே தமிழ்த் தாள் யாழ்ப்பாணம் போனால் மறுபடி மூன்றாவது படியிலிருந்து தொடங்க வேண்டும். மருத்துவர் அங்கே வைத்தியர், செவிலியர் தாதி. அது சொல் மாற்றம்தான். ஆனால் நம் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை பற்றி இங்கே ஒரு கேள்வி சேர்த்திருந்தால், அதற்கு அங்கே இடமே இல்லை.

கடைசியாக, யார் கேட்பது, எப்போது? ஹெச்கேப்ஸில் வீடு திரும்பி 48 மணி நேரமாவது கழிந்த பிறகுதான் கேட்பார்கள். டிஸ்சார்ஜ் சீட்டுக்காகக் காத்திருப்பவரிடம் அந்த வார்டு நர்ஸே தாளை நீட்டினால், எல்லாமே ‘நன்றாக இருந்தது’ என்றுதான் வரும். வெளி ஆள் ஒருவர், சில நாள் கழித்து, போனில் கேட்கட்டும்.