உதவப் போன வீட்டைத் தெருவுக்குக் கொண்டுவராதீர்கள்

மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, தவக்காலத்தின் இரண்டாம் ஞாயிறு பூசையில் ஆபிரகாமின் அழைப்பு வாசிக்கப்படும். "நீயே ஆசியாக விளங்குவாய்" என்று கடவுள் அவரிடம் சொல்கிற பகுதி. அதைக் கேட்டுவிட்டு இளைஞர்கள் சிலர் எங்கள் உதவிக் குழுவுக்குப் பெயர் கொடுப்பார்கள். பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் என்று இந்தக் கரையில் எந்தக் கோயில் பங்கிலும் தவக்காலத்தில் இது நடக்கும். நல்ல பிள்ளைகள், மனம் நிறைய ஆசையோடு வருகிறார்கள். ஆனால் வந்த சில வாரங்களிலேயே, எங்கள் குழு தொடக்கத்தில் செய்த தவறுகளை அப்படியே திரும்பச் செய்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

கிழிந்த துணியைக் கொடுக்காதே, கொடுக்கும்போது போட்டோ எடுக்காதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதல் வாரத்தோடு நின்றுவிடுவது

ஒரு விசைப்படகை இலங்கைக் கடற்படை பிடித்த செய்தி வந்தால், அந்த வார இறுதிக்குள் பிடிபட்டவரின் வீட்டில் நாலு மூட்டை அரிசி சேர்ந்துவிடும். மூன்றாம் மாதம் அந்தத் தெருப் பக்கம் யாரும் போவதில்லை. உண்மையான நெருக்கடி அப்போதுதான் ஆரம்பிக்கிறது.

மீன்பிடித் தடைக்காலத்திலும் இதே கதைதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அரசு தரும் நிவாரணத்தை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்துவதாக 2023-இல் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில்தான் அறிவித்தார்கள். உதவிதான், ஆனால் ஒரு குடும்பத்தின் இரண்டு மாதச் செலவுக்கு அது காணாது. நம் ஆட்களோ உயிர்ப்பு ஞாயிறை ஒட்டி, ஏப்ரலிலேயே மளிகைப் பையைக் கொடுத்து முடித்துவிடுகிறார்கள். ஏப்ரலில் வீட்டில் கடைசியாகக் கடலுக்குப் போனதில் வந்த காசு கொஞ்சமாவது இருக்கும். ஜூனில்தான் பள்ளிக்கூடம் திறக்கும், வலை சீர்பார்க்க வேண்டும், வாங்கிய முன்பணம் கழுத்தை நெரிக்கும். கையில் இருப்பதை ஜூனுக்கு வையுங்கள்.

கோயிலுக்கு வருகிறவர்களுக்குத்தான் உதவி என்பது

கூடாது.

நம் சனத்துக்கு மட்டும் பட்டியல் போடுவது

ஒரே படகில் மூன்று மதத்துக்காரர்களும் போகிறார்கள். பிடிபட்டால் ஒரே சிறையில் இருக்கிறார்கள். பட்டியல் போடும்போது மட்டும் அவர்களைப் பிரிக்காதீர்கள்.

வீட்டுக் கஷ்டத்தை மன்றாட்டாகச் சொல்வது

இதைப் பற்றி நீளமாகத்தான் எழுதப் போகிறேன். இத்தனை காலம் கழித்தும் நினைத்தால் எனக்குக் கோபம் வருகிற தவறு இது. செய்கிறவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. செபத்தின் வழியாகவே நடப்பதால் யாரும் தடுப்பதும் இல்லை.

அன்பியக் கூட்டம் நடக்கும் விதம் உங்களுக்குத் தெரியும். பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாலையில் ஒருவர் வீட்டில் கூடுவோம். விவிலியம் வாசிப்போம், பகிர்ந்துகொள்வோம், கடைசியில் ஆளுக்கொரு மன்றாட்டுச் சொல்வோம்.

எங்கள் பக்கத்தில் ஓர் அக்கா இருந்தார். மீன் வியாபாரம். கணவர் போன படகு பிடிபட்டு, அவர் மன்னார் பக்கம் காவலில் இருந்தார். எங்கள் குழுவிலிருந்து இரண்டு பேர் வீட்டுக்குப் போனார்கள். "ஒன்றும் குறையில்லை தம்பி, சமாளித்துக்கொள்கிறேன்" என்றே வெகுநேரம் சொல்லிக்கொண்டிருந்தவர், கிளம்பும் நேரத்தில் மனம் விட்டுப் பேசிவிட்டார். நகையெல்லாம் அடகில் இருந்தது. மகளிர் குழுக் கடனில் தவணை நின்றுபோயிருந்தது. இதைக் கூடப்பிறந்தவர்களிடம்கூட அவர் சொல்லியிருக்கவில்லை.

போன இருவரில் ஒரு தம்பி புதியவர். அந்த வார அன்பியக் கூட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு உருகிச் செபித்தார்: "கணவர் சிறையில் இருக்க, நகைகளை அடகு வைத்துவிட்டு, குழுக் கடன் கட்ட வழியில்லாமல் தவிக்கும் எங்கள் சகோதரிக்காக ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்." பெயர் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தெருவில் கணவர் சிறையில் இருந்த பெண் அவர் ஒருவர்தான். "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அதில் சிலர் அதே மகளிர் குழுவில் இருந்தார்கள். ஒருவருடைய வீட்டுக்காரர் கரையில் மீன் ஏலம் விடுகிறவர்.

கரையில் மீன் எப்படிக் கைமாறுகிறது என்று தெரிந்தால்தான் இதன் விளைவு புரியும். கூடையில் மீன் விற்கும் பெண்கள் பலர் காலையில் கையில் பணத்தோடு போவதில்லை. ஏலம் விடுகிறவரிடம் கடனுக்கு எடுப்பார்கள். பஸ்ஸிலோ ஷேர் ஆட்டோவிலோ கொண்டுபோய் விற்பார்கள். அன்று சாயந்திரமோ மறுநாள் காலையிலோ காசைக் கொடுத்துவிட்டு, அடுத்த கூடையை எடுப்பார்கள். பத்திரம் கிடையாது, கையெழுத்து கிடையாது. "இந்த அம்மா கொடுத்துவிடும்" என்று கரையில் இருக்கும் பேச்சுதான் அவர்களுக்குக் கைமுதல். அந்தப் பேச்சு கெட்டால் கைமுதல் போய்விட்டது என்று அர்த்தம்.

அந்த வாரமே கரையில் அக்காவிடம், "காசை வைத்துவிட்டு எடும்மா" என்று சொல்லிவிட்டார்கள். குழுக் கடனில் ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும், அதனால் குழுப் பெண்கள் வாசலுக்கு வந்து சத்தம் போட்டார்கள். நாங்கள் அந்த வீட்டுக்குக் கொடுத்தது ஒரு மூட்டை அரிசியும் மளிகையும். எங்களால் அவர் இழந்தது அன்றாடப் பிழைப்பை. அதற்குப் பிறகு அவர் அன்பியத்துக்கு வரவில்லை. ஞாயிறு பூசைக்குக்கூட பக்கத்து ஊர்க் கோயிலுக்குப் போக ஆரம்பித்தார்.

பிறகு எங்கள் குழுவில் மூத்த அம்மா ஒருவர், யாரிடமும் சொல்லாமல் ஏலக்காரரைத் தனியாகப் பார்த்து, "அதுக்கு நான் பொறுப்பு, மீனைக் கொடு" என்றார். அதற்கப்புறம்தான் கடனுக்கு மீன் கிடைத்தது. யோசித்துப் பாருங்கள், அந்த வீட்டுக்கு முதல் நாளே தேவைப்பட்டது அந்தப் பொறுப்புச் சொல்தான். அரிசி அவர் கேட்டதே இல்லை.

விவிலியம் இந்த விஷயத்தில் எவ்வளவு கவனமாக இருக்கிறது என்று பாருங்கள். இணைச்சட்டம் 24-ஆம் அதிகாரத்தில், கடன் கொடுத்தவர் அடகுப் பொருளை எடுக்க வீட்டுக்குள் நுழையக் கூடாது, வெளியே நிற்க வேண்டும், கடன் வாங்கியவர்தான் அதை வெளியே கொண்டுவந்து தர வேண்டும் என்று இருக்கிறது. பணம் கொடுத்தவருக்கே வாசல் வரைதான் உரிமை. நாமோ உள்ளே போய், அவர்கள் பாயில் உட்கார்ந்து, கேட்டதையெல்லாம் தூக்கிக்கொண்டு வெளியே வருகிறோம்.

அரசர்கள் இரண்டாம் நூலின் 4-ஆம் அதிகாரத்திலும் இப்படி ஒரு வீடு வருகிறது. கணவன் இறந்துபோனான், கடன்காரன் இரண்டு பிள்ளைகளையும் அடிமையாகக் கொண்டுபோக வந்துவிட்டான். அந்தப் பெண்ணிடம் இறைவாக்கினர் எலிசா முதலில் கேட்டது, "நான் உனக்கு என்ன செய்ய வேண்டும், வீட்டில் என்ன இருக்கிறது" என்று. அப்புறம் அக்கம்பக்கத்தில் வெறும் பாத்திரங்களை இரவல் வாங்கி, கதவை அடைத்துக்கொண்டு எண்ணெயை ஊற்றச் சொன்னார். அந்தத் தெருவுக்குத் தெரிந்தது பாத்திரம் இரவல் கேட்டது மட்டுமே. எண்ணெய் பெருகியது அடைத்த கதவுக்கு உள்ளே. அதை விற்றுக் கடனை அடைக்கச் சொன்னார்.

சரி, நடைமுறையில் என்ன செய்வது?

போன இருவரோடு விஷயத்தை நிறுத்துங்கள். 1833-இல் பாரிஸில் சில மாணவர்கள் சேர்ந்து தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபையில் வீடு சந்திப்புதான் முதல் வேலை. இன்றும் இரண்டு இரண்டு பேராகத்தான் போகிறார்கள். கூட்டமாகப் போகும் பழக்கத்தை நாமும் விட வேண்டும். பொருளாளருக்குத் தொகை தெரிந்தால் போதும், காரணம் தெரிய வேண்டியதில்லை. பங்குத்தந்தையிடம் கலந்துபேச வேண்டுமென்றால், அந்த வீட்டாரிடம் கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

மன்றாட்டைப் பொதுவாகச் சொல்லுங்கள். கடலுக்குப் போனவர்களுக்காக, சிறையில் இருப்பவர்களுக்காக, கடன் சுமையில் இருக்கும் எல்லாக் குடும்பங்களுக்காகவும் என்று. எந்த வீடு என்று கடவுளுக்கு நாம் அடையாளம் காட்ட வேண்டியதில்லை. "எல்லோரும் சேர்ந்து செபித்தால் பலன் உண்டே" என்று பிள்ளைகள் என்னிடம் வாதாடுவார்கள். உண்டு, நானும் அதை நம்புகிறேன். அப்படியானால் அந்த அக்காவிடம் போய், "அக்கா, கூட்டத்தில் இதைச் சொல்லிச் செபிக்கலாமா?" என்று கேளுங்கள். அவரே எழுந்து சொன்னால் அது அவருடைய சாட்சியம். நாம் சொன்னால் அது வெறும் தெருப்பேச்சு.

வாட்ஸ்அப் குழுவில் இந்த மாதிரி எதையும் போடவே போடாதீர்கள். ராத்திரி பங்குக் குழுவில் வந்த செபக்கருத்து, காலையில் படகுக்காரர்கள் குழுவில் கிடக்கும். ஒரு பெண் குழந்தையின் மருத்துவச் சீட்டைப் படமெடுத்து, "செபிக்கவும்" என்று யாரோ போட்டதைப் பார்த்திருக்கிறேன். அவளுக்கு நாளைக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது அந்தப் படம் யாருடைய போனில் இருக்குமோ, யார் அதைத் திருப்பி வாங்குவது?

கொடுப்பதை வாங்க மறுப்பது

சின்னப்பாலம் பக்கம் பாசி எடுக்கப் போகும் பெண்கள் இருக்கிறார்கள். பாறையும் பாசியும் வெட்டாமல் இருக்க விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, தீவுகளை ஒட்டிய கடலில் மூழ்கி மூழ்கி எடுப்பார்கள். அப்படி ஒரு அம்மா, பிள்ளையின் படிப்புக்கு உதவிய எங்கள் குழுப் பெண்ணிடம் ஒரு பொட்டலம் கருவாட்டை நீட்டினார். இந்தப் பெண், "ஐயோ வேண்டாம்மா, உங்களுக்கே இருக்கட்டும்" என்று கையை எடுத்துவிட்டாள். அடக்கம் என்று நினைத்துத்தான் செய்தாள். அந்த அம்மாவுக்கு அது வேறு மாதிரிப் பட்டது. "நான் கொடுத்தா ஆகாதா?" என்று அப்புறம் என்னிடம் கேட்டார்.

யோவான் 21-ஆம் அதிகாரத்தில், உயிர்த்த இயேசு கரையில் நெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் தயாராக வைத்திருக்கிறார். அப்படியிருந்தும், நீங்கள் பிடித்த மீனிலும் கொஞ்சம் கொண்டுவாருங்கள் என்று சீடர்களிடம் கேட்கிறார். இரவெல்லாம் ஒன்றும் கிடைக்காமல் அலைந்தவர்கள் அவர்கள். அவர்கள் கை மீனையும் அந்தச் சாப்பாட்டில் சேர்த்துக்கொண்டார்.

கருவாட்டை வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் குழம்பு வையுங்கள். அடுத்த முறை போகும்போது நன்றாக இருந்தது என்று சொல்லுங்கள்.

பதில் தெரிந்தவர்போல் பேசுவது

"இதெல்லாம் சோதனை." "கடவுள் ஏதோ பாடம் சொல்கிறார்." விவிலியத்தில், எல்லாவற்றையும் இழந்து உட்கார்ந்திருந்த யோபின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் கூட இருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் கெடுத்தார்கள்.

நம் கையில் இல்லாததற்கு வாக்குக் கொடுப்பது

"கிறிஸ்துமஸுக்குள் வந்துவிடுவார், செபத்தில் எனக்குத் தோன்றியது" என்று ஒருவர், அப்பா இலங்கைச் சிறையில் இருந்த ஒரு வீட்டில் சொல்லிவிட்டு வந்தார். அந்த வீட்டுப் பையன் காலண்டரில் வட்டம் போட்டு வைத்தான். காவலை அங்கே நீட்டித்துக்கொண்டே போனார்கள், கிறிஸ்துமஸும் போனது. அப்பா வராத வருத்தத்தோடு, கடவுள் சொன்னது பொய்யா என்கிற கேள்வியும் அந்தப் பிள்ளைக்குச் சேர்ந்துகொண்டது. படகு விஷயம் இன்னும் கடினம். எல்லை தாண்டும் வெளிநாட்டுப் படகுகளுக்கான அபராதத்தை இலங்கை 2018-இல் சட்டம் திருத்திப் பல மடங்கு உயர்த்தியது. ஆட்கள் திரும்பி வந்தும் படகு வராத வீடுகள் இந்தக் கரையில் நிறைய உண்டு. அதனால் "எல்லாம் திரும்பக் கிடைக்கும்" என்று யாரிடமும் சொல்லாதீர்கள்.

அந்த நேரத்தில் அவர்களுக்குத் தேவைப்படுவது மனு எழுதத் தெரிந்த, கூடவே வரக்கூடிய ஓர் ஆள். மீனவர் அடையாள அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம், படகு சொந்தமானால் பதிவுச் சான்று, எல்லாவற்றுக்கும் இரண்டிரண்டு நகல் எடுத்து ஓர் உறையில் போட்டு அந்த வீட்டு அக்கா கையில் கொடுங்கள். மீன்வளத்துறை அலுவலகத்துக்குப் போகும் நாளில் கூடப் போங்கள். அலுவலர் கேட்கும் கேள்விக்கு அவரையே பதில் சொல்ல விடுங்கள், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். கைக்குழந்தை இருந்தால் அதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மனு கொடுத்ததற்கான ரசீதைக் கேட்டு வாங்காமல் மட்டும் திரும்பி வராதீர்கள்.