வியன்னாவுக்குப் போகும் மாணவருக்கு: கிழமை பார்த்துக் கிளம்புங்கள்

வியன்னாவில் மாணவருக்குக் கையைக் கடிப்பது, தவறான கிழமையில் தவறான கதவு முன்னால் போய் நிற்பதுதான். ஞாயிற்றுக்கிழமை கடைகள் கிடையாது. கலை வரலாற்று அருங்காட்சியகம், கோடை மாதங்கள் நீங்கலாக, திங்களன்று விடுமுறை. எதிரே இருக்கும் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை. பாடியே நடிக்கும் இசை நாடகங்கள் நடக்கும் ஸ்டேட் ஓப்பரா அரங்கில் ஜூலை, ஆகஸ்டில் நிகழ்ச்சியே இருக்காது. மூன்று நாள்தான் இருக்கிறது என்றால் வியாழன் காலை இறங்கி சனி இரவோ ஞாயிறு மதியமோ கிளம்புவது நல்லது. வியாழனன்று கலை அருங்காட்சியகம் இரவு 9 மணி வரை திறந்திருக்கும். பகலை வெளியே சுற்றப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

ஜெர்மனியில் படிப்பவர்கள், அங்கே உள்ளூர் ரயில், பஸ்களுக்கு மாதச் சந்தாவாகக் கிடைக்கும் டாய்ச்லாந்து டிக்கெட்டிலேயே, ஆஸ்திரிய எல்லை நகரமான சால்ஸ்பர்க் ஸ்டேஷன் வரை வந்துவிடலாம், உள்ளூர் ரயில்களில் மட்டும். அங்கிருந்து வியன்னா சுமார் இரண்டரை மணி நேரம். இந்தப் பகுதிக்கு முன்கூட்டி எடுத்தால் மலிவாகக் கிடைக்கும் ஆஸ்திரிய ரயில்வேயின் ஷ்பார்ஷீனே டிக்கெட், குறிப்பிட்ட அந்த ஒரு ரயிலுக்கு மட்டுமே செல்லும். இரண்டும் தனித்தனி டிக்கெட் என்பதால், ஜெர்மன் ரயில் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால் நஷ்டம் உங்களுடையதுதான். நடுவில் ஒன்றரை மணி நேரமாவது விடுங்கள். பாஸ்போர்ட்டும் வசிப்பு அனுமதி அட்டையும் அசலாகவே கையில் இருக்கட்டும். திரும்பும்போது ஜெர்மன் எல்லையில் போலீஸ் ரயிலில் ஏறிச் சோதிப்பதுண்டு, போனில் உள்ள படத்தை அவர்கள் ஏற்க வேண்டியதில்லை.

விமானத்தில் வருபவர்கள் கண்ணில் முதலில் படுவது பச்சை நிற சிட்டி ஏர்போர்ட் டிரெயின். 16 நிமிடத்தில் நகர நடுவில் உள்ள வீன் மிட்டே ஸ்டேஷனுக்குப் போய்விடும், ஆனால் விலை அதிகம். எஸ் 7 என்ற புறநகர் ரயிலும் அதே ஸ்டேஷனுக்குத்தான் போகிறது, சுமார் 25 நிமிடம். பத்து நிமிடத்துக்காக அந்தப் பணத்தைக் கொடுக்க மாணவருக்கு ஒரு காரணமும் இல்லை. விமான நிலையம் நகரக் கட்டண மண்டலத்துக்கு வெளியே இருப்பதால் நகர டிக்கெட் மட்டும் போதாது. நகரத்துக்கான 24 மணி நேர டிக்கெட் ஏற்கெனவே இருந்தால், வெளிப்பகுதிக்கான கூடுதல் டிக்கெட் மட்டும் எடுத்தால் சரி.

மெட்ரோவில் தடுப்புக் கதவே இல்லை. யாரும் கேட்க மாட்டார்கள் போலிருக்கிறதே என்று தோன்றும். சாதாரண உடையில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரே பரிசோதகராக இருக்கலாம். அபராதம் நூறு யூரோவுக்கு மேல். டிக்கெட் எடுத்தும் மாட்டிக்கொள்பவர்களே பாவம்: காகித டிக்கெட்டைக் கையில் வைத்திருந்தால் போதாது, முத்திரை குத்த வேண்டும். மெட்ரோவில் பிளாட்பாரத்துக்குப் போகும் வழியிலும், டிராமிலும் பஸ்ஸிலும் உள்ளேயும் சின்னப் பெட்டி இருக்கும். அம்புக்குறி இருக்கும் முனையை உள்ளே தள்ளினால் ‘டிங்’ என்று ஒரு சத்தம் வரும். எடுத்துப் பார்த்தால் தேதியும் நேரமும் அச்சாகியிருக்கும். அச்சு மங்கலாக இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். 24 மணி நேர டிக்கெட்டை முதல் பயணத்தில் ஒரு முறை மட்டும் குத்த வேண்டும். இயந்திரத்தில் வாங்கும்போதே ‘உடனே செல்லும்’ என்று தேர்ந்தெடுத்தால் குத்தத் தேவையில்லை. போனில் எடுப்பவர்கள் வண்டி ஏறும் முன்பே எடுத்துவிட வேண்டும். பரிசோதகரைப் பார்த்தபின் எடுத்தால் டிக்கெட்டில் உள்ள நேரமே காட்டிக்கொடுத்துவிடும்.

இனி ஓப்பரா. வியன்னா வந்து இதைப் பார்க்காமல் போகாதீர்கள், சங்கீதம் தெரியாதவர்கள்கூட. 1869-இல் திறந்த இந்த அரங்கம் 1945 மார்ச்சில் குண்டுவீச்சில் எரிந்து, 1955-இல் மறுபடி திறக்கப்பட்டது. உட்கார்ந்து பார்க்கும் நல்ல இடங்கள் நூறு யூரோவைத் தாண்டும். நின்று பார்க்கும் இடம், ஷ்டேபிளாட்ஸ், இருபது யூரோவுக்கும் குறைவு. நிகழ்ச்சி நாளன்றே விற்பனைக்கு வரும். மாலை கவுண்டர் நிகழ்ச்சிக்கு 80 நிமிடம் முன்பு திறக்கும். புகழ்பெற்ற பாடகர்கள் வரும் நாளில் அதற்கு ஒரு மணி நேரம் முன்பே வரிசையில் நிற்பது உத்தமம்.

நின்று பார்க்கும் இடங்கள் மூன்று நிலைகளில் உண்டு. பார்டெர் எனப்படும் தரைத்தளம்தான் முதல் தேர்வு: மேடைக்கு நேர் எதிரே, அரங்கின் நடுமாடத்துக்குக் கீழே. அது தீர்ந்துபோனால் உச்சி மாடமான கேலரியின் நடுப்பகுதியைக் கேளுங்கள். உயரம் அதிகம், ஒலி அருமையாக இருக்கும். ஓரங்களில் பாதி மேடை மறைந்துவிடும். டிக்கெட் வாங்கியதும் நேராக உள்ளே போய், கைப்பிடிக் கம்பியில் ஓர் இடம் பிடித்து, கழுத்துத் துணியை அங்கே ஒரு முடிச்சுப் போட்டுக் கட்டிவிடுங்கள். அந்த முடிச்சு இருக்கும் இடத்தை இன்னொருவர் தொடமாட்டார். பல காலமாக இருந்துவரும் வழக்கம். பிறகு கோட்டையும் பையையும் காப்பறையில் கொடுத்துவிட்டு, எதையாவது சாப்பிட்டு வரலாம். கம்பியில் இருக்கும் சின்னத் திரையில் பாட்டின் பொருள் ஆங்கிலத்திலும் ஓடும். கனமான ஷூ வேண்டாம், அரைக்கால் சட்டை வேண்டவே வேண்டாம். நான்கைந்து மணி நேரம் ஓடும் படைப்புகளும் உண்டு. அரங்கின் இணையதளத்தில் நேரத்தைப் பார்த்து, முதல் தடவைக்கு மூன்று மணி நேரத்துக்குள் முடிவதாகத் தேர்ந்தெடுங்கள். முடியாவிட்டால் இடைவேளையில் கிளம்பிவிடலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

அருங்காட்சியகங்களில் மாணவர் அட்டை செல்லும், ஆனால் பல இடங்களில் வயது வரம்பு உண்டு. 25-ஐத் தாண்டிய முதுகலை மாணவர்கள் முழுக் கட்டணத்துக்குத் தயாராக வாருங்கள். காசே இல்லாமல் பார்க்க கார்ல்ஸ்பிளாட்ஸில் உள்ள வீன் மியூசியம் இருக்கிறது. அதன் நிரந்தரக் காட்சி எல்லோருக்கும் இலவசம், நகரத்தின் கதை முழுவதும் அங்கே புரிந்துவிடும். முதல் நாளே போனால் மற்ற இடங்கள் இன்னும் நன்றாக விளங்கும். கலை அருங்காட்சியகத்தில் நேரம் குறைவென்றால் 16-ஆம் நூற்றாண்டு ஓவியர் புரூகலின் ஓவியங்கள் உள்ள அறைக்கு நேராகப் போங்கள். 1563-இல் அவர் வரைந்த ‘பேபல் கோபுரம்’ ஓவியத்தில் செங்கல் தூக்கும் ஆட்களைக் கிட்டப்போய் ஒவ்வொருவராகப் பார்க்கலாம். ஷோன்ப்ரூன் அரண்மனைக்குள் போக நேரம் குறித்த டிக்கெட் வேண்டும், தோட்டத்துக்கு வேண்டாம். தோட்டத்தின் மேட்டில் இருந்து நகரம் தெரியும். பணம் இழுபறியாக இருந்தால் அதுவே போதும்.

சாப்பாட்டில் சைவம் உண்பவர்கள் இரண்டு பெயர்களைக் கவனியுங்கள். ஃப்ரிட்டாட்டன்சூப்பே, தோசை போன்ற மாவை நறுக்கிப் போட்ட சூப்; சாறு வழக்கமாக மாட்டெலும்பில் காய்ச்சியது. கேசெக்ரைனரில் சீஸ் என்ற பெயர் இருந்தாலும் அது இறைச்சி சாசேஜ். சனிக்கிழமை மாலை 6 மணிக்கு சூப்பர் மார்க்கெட்டுகள் சாத்திவிடும், ரொட்டி பழங்களை அதற்குள் வாங்குங்கள். மறந்துவிட்டால் தலைமை ரயில் நிலையத்தில் உள்ள கடை ஞாயிறும் திறந்திருக்கும். வரிசை மட்டும் நீளமாக இருக்கும். தண்ணீருக்குக் காசு கொடுக்காதீர்கள். குழாயில் வருவது ஆல்ப்ஸ் மலை ஊற்று நீர், 1873 முதல் நகரத்துக்கு வருகிறது. காலி பாட்டில் ஒன்று போதும்.

தங்கும் விலாசத்தைப் படிக்கவும் தெரிந்துகொள்ளுங்கள். அஞ்சல் குறியீடு 1070 என்றால் நடுவில் உள்ள 07, நகரத்தின் ஏழாவது வட்டம். 12/2/15 என்று எழுதியிருந்தால் 12-ஆம் எண் கட்டடம், இரண்டாவது படிக்கட்டு, 15-ஆம் கதவு. படிக்கட்டு எண்ணைக் கவனிக்காமல் முதல் படிக்கட்டில் மூட்டையோடு நான்கு மாடி ஏறிவிடுபவர்கள் அநேகம். வெள்ளி, சனி இரவுகளில் மெட்ரோ விடிய விடிய ஓடும். மற்ற நாட்களில் நள்ளிரவு தாண்டி அரை மணி வாக்கில் நின்றுவிடும், பிறகு ‘என்’ எழுத்துள்ள இரவு பஸ்கள்தான். தங்குமிடத்துக்கு அருகே எந்த எண் பஸ் நிற்கிறது என்று பகலிலேயே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.