லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் பக்க ஓரத்தை ஒழுங்காக அமைப்பது எப்படி?

"மூணாவது பக்கத்துல, நடுவுல ஒரு பெரிய பத்தி இருக்குல்ல, அதுல..." என்று போனில் பிழை சொல்லிப் பழகியவர்களுக்குத் தெரியும், இடத்தைக் கண்டுபிடிக்கவே பாதி நேரம் போய்விடும். லிப்ரே ஆபீஸ் ரைட்டர் என்ற இலவசத் தட்டச்சு மென்பொருளில் பக்க ஓரத்தைச் சரியாக அமைத்துவிட்டால் இந்தத் தேடல் வேண்டாம்.

ஓரத்தில் மூன்று விஷயங்கள் வரலாம்: வரி எண், மாற்றத்தைக் காட்டும் கோடு, குறிப்பு. எண் இடப்பக்கம், மற்ற இரண்டும் வலப்பக்கம். இப்படிப் பிரித்து வைத்தால் கண்ணுக்குக் குழப்பம் இல்லை.

முதலில் வரி எண். 'டூல்ஸ்' மெனுவில் 'லைன் நம்பரிங்' திறந்து, 'ஷோ நம்பரிங்' பெட்டியில் டிக் செய்யுங்கள். 'பொசிஷன்' என்பதில் 'லெஃப்ட்' இருக்கட்டும். 'இன்டர்வெல்' 5 என்று இருக்கும். அதாவது ஐந்து வரிக்கு ஓர் எண். எல்லா வரிக்கும் எண் போட்டால் ஓரம் நெரிசலாகிவிடும், அதனால் 5 போதும் என்பேன். 'ரீஸ்டார்ட் எவ்ரி நியூ பேஜ்' என்பதையும் டிக் செய்யுங்கள். இல்லாவிட்டால் எண் பக்கம் தாண்டி ஓடிக்கொண்டே போகும். "வரி 412" என்பதைவிட "பக்கம் 9, வரி 12" என்று சொல்வது எளிது. தலைப்புக்கு எண் வேண்டாமா? அந்தத் தலைப்பில் கர்சரை வைத்து, 'ஃபார்மட்' மெனுவில் 'பாராகிராஃப்' போய், 'அவுட்லைன் அண்ட் லிஸ்ட்' பகுதியில் வரி எண்ணுக்கான டிக்கை எடுத்துவிடுங்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நீங்கள் லதா எழுத்துருவில் தட்டச்சு செய்து, எதிர்ப்பக்கம் கணினியில் அந்த எழுத்துரு இல்லையென்றால், வேறொன்று வந்து உட்காரும். வரிகள் வேறு இடத்தில் மடங்கும், எண்களும் மாறிப்போகும். தமிழ்க் கோப்புகளில் இது அடிக்கடி நடக்கிறது. எண்ணை வைத்துப் பேசப்போகிறீர்கள் என்றால் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள்.

அடுத்து மாற்றக் கோடு. 'டூல்ஸ்', 'ஆப்ஷன்ஸ்', 'லிப்ரே ஆபீஸ் ரைட்டர்', 'சேஞ்சஸ்' என்று போனால், மாற்றம் நடந்த வரிகளுக்கான குறி எங்கே வர வேண்டும் என்று கேட்கும். 'ரைட் மார்ஜின்' தேர்ந்தெடுங்கள். பிறகு கண்ட்ரோல், ஷிஃப்ட், சி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் மாற்றங்களைப் பதிவுசெய்வது தொடங்கும். அப்புறம் ஒரு காற்புள்ளியை மாற்றினால்கூட அந்த வரிக்கு நேரே கோடு விழும்.

கடைசியாகக் குறிப்பு. சொல்லைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல், ஆல்ட், சி அழுத்தினால் வலது ஓரத்தில் பெட்டி வரும். அதற்கு முன் 'ஆப்ஷன்ஸ்' உள்ளே 'யூசர் டேட்டா'வில் உங்கள் பெயரை எழுதிவிடுங்கள். இரண்டு மூன்று பேர் திருத்தும்போது யார் சொன்னது என்று தெரிய வேண்டும். சொல்ல வந்ததை முழுதாக எழுதுங்கள். "சரியில்லை" என்று மட்டும் எழுதினால், எழுதியவர் என்ன செய்வார், பாவம்?

அச்சிடும்போது குறிப்புகளும் வேண்டுமென்றால், பிரின்ட் பெட்டியில் ரைட்டருக்கான பகுதியில் 'கமென்ட்ஸ்' என்பதை 'பிளேஸ் இன் மார்ஜின்ஸ்' என்று மாற்றுங்கள். குறிப்புக்கு இடம்விட்டு எழுத்து கொஞ்சம் சிறிதாகும், அவ்வளவுதான்.